பீர் மைதீன் வீட்டு நூறு வாட்

வாட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முப்பத்தோரு வருடம் காவல்துறை வயர்லெஸ் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்று இலஞ்சிக்கு வந்த பிறகு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேசட் டெக் என்று வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு சோலி இல்லை. இது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. தென்காசிப் பக்கம் யார் புதிதாக ஆம்ப் வாங்கினாலும் எனக்குப் போன் வரும். "அண்ணாச்சி, எத்தனை வாட் வாங்கலாம்?" என்பார்கள். அறை எவ்வளவு பெரிது, ஸ்பீக்கர் என்ன வகை, எவ்வளவு தள்ளி உட்கார்ந்து கேட்பார்கள், எதையும் சொல்ல மாட்டார்கள். வாட் மட்டும் வேண்டும், பெண் வீட்டில் எத்தனை பவுன் என்று கேட்பது மாதிரி.

பீர் மைதீன் பாய் வாட் கேட்டபோது மட்டும் எனக்கு எரிச்சல் வரவில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரியும்.

பாய்க்கு இப்போது அறுபத்து மூன்று வயது. வீடு குற்றாலத்தில், பேரருவிக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். சாரல் சீசன் தொடங்கிவிட்டால் அந்த வீட்டுக்குள் அருவிச் சத்தம் இல்லாத மூலை கிடையாது. அருவிக்கு முன்னால் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிற நாட்களில் அடுக்களையில் இருப்பவரை முன்னறையிலிருந்து கூப்பிட முடியாது. பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. பாயின் தம்பி ரகசியம் சொன்னால் இலஞ்சி விலக்கு வரைக்கும் கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

எண்பத்தொன்பதில், கல்யாணம் முடிந்து ஏழாவது மாதத்தில் பாய் சவூதியில் தம்மாமுக்குப் போனார். மின்சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் குடோனில் வேலை. ஜப்பானிலிருந்து வரும் ஆம்ப், டெக், ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, எண் பார்த்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். இருபத்து நாலு வருடம் அதே குடோன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கணக்குப் பார்த்தால் மனைவி ராபியாவோடு அவர் அந்தக் காலத்தில் வாழ்ந்தது மொத்தம் இரண்டு வருடம்தான்.

மற்ற நாளெல்லாம் கேசட்தான். அப்போது குற்றாலத்திலும் தென்காசியிலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் எல்லாம் இது உண்டு. கடிதம் எழுத நேரமாகும், போனுக்குக் காசாகும். ஒரு கேசட்டில் குடும்பம் மொத்தமும் வரிசையாக உட்கார்ந்து பேசி, விடுப்பு முடிந்து திரும்புகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். உம்மா பேசுவாள், தம்பி பேசுவான், பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார், பிள்ளைகள் ஓதிக் காட்டும். தம்மாமில் பாய் தங்கியிருந்த அறையில் ஒன்பது பேர். யாருக்குக் கேசட் வந்தாலும் ஒன்பது பேரும் சேர்ந்து கேட்பார்கள். அதில் ராபியாவின் பங்கு இரண்டே வரி. நல்லா இருக்கேன், நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க. அவ்வளவுதான்.

ஆனால் அதோடு இன்னொரு கேசட்டும் போகும். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் இருக்கும். அதன் மேல் 'பயான்' என்று எழுதி எண் போட்டிருப்பாள். ஹஸ்ரத்தின் மார்க்கச் சொற்பொழிவு என்று நினைத்து, கொண்டு போகிறவரும் போட்டுக் கேட்க மாட்டார், அறையில் இருக்கும் இளவட்டங்களும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதில் அறுபது நிமிடமும் ராபியா மட்டும்தான் இருப்பாள். இப்படி நாற்பத்து மூன்று கேசட். இந்த யோசனை யாருடையது என்று ஒருமுறை பாயிடம் கேட்டேன். "எல்லாம் அவதான் அண்ணாச்சி. எனக்கு அம்புட்டு மூளை ஏது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கேசட்டுகளை அவர் அறையில் கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை குடோன் பூட்டியிருக்கும், சாவி இவரிடம் இருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, சோதனைக்கு வைத்திருக்கும் ஐம்பது வாட் ஆம்பில் டெக்கை மாட்டி, பெரிய ஹெட்போனைக் காதில் போட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவார். வெளியே பாலைவனம், உள்ளே ஒரு சத்தம் கிடையாது. "அவ குரல் கணீர்னு மண்டைக்குள்ள பேசும் அண்ணாச்சி. பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி" என்பார். கம்பெனி பழைய மாடல்களைக் கழித்தபோது அந்த ஆம்பையே விலைக்கு வாங்கிக்கொண்டார். இரண்டாயிரத்துப் பதிமூன்றில் ஊருக்குத் திரும்பியபோது பத்துக் கிலோ எடையை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்த மனுசன் அவர்.

ஊருக்கு வந்த பிறகு கேசட்டுகளைத் தொடவே இல்லை. ஆளே அடுக்களையில் இருக்கும்போது கேசட் எதற்கு?

மூன்று வருடத்துக்கு முன்பு ராபியாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை செய்தாக வேண்டும், குரல் நரம்பு அந்தக் கட்டியிலேயே ஒட்டியிருக்கிறது, குரல் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் செய்தார். உயிர் பிழைத்தது, குரல் போயிற்று. இப்போது மூச்சை மட்டும் வைத்துக் கிசுகிசுப்பாகப் பேச முடியும். சாரல் இல்லாத மாதங்களில் அது ஒரு மாதிரி ஓடிவிடும். ஜூன் பிறந்து அருவி விழ ஆரம்பித்தால் அவள் பேச்சு அதில் அப்படியே கரைந்துபோகும். கூப்பிட வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் தட்டுவாள்.

போன சாரலில்தான் பாய் கேசட்டுகளை மறுபடி எடுத்தார். பழைய ஆம்பில் போட்டு, ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தார். அருவிச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினார். கேசட்டின் இரைச்சலும் சேர்ந்து கூடியது. அந்தக் கணீர் மட்டும் வரவில்லை. கூட்டிக்கூட்டி வைத்ததில் ஒரு நாள் ஆம்பின் ஒரு பக்கம் புகைந்து நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் தலையில் ஒரே எண்ணம்தான். ராபியாவின் குரல் கேசட்டில் பத்திரமாக இருக்கிறது, அதை வெளியே கொண்டு வர வாட் போதவில்லை.

மகன் சுஹைப் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எல்லாக் கேசட்டையும் அனுப்பி வைத்தால் சுத்தம் செய்து போனில் ஏற்றித் தருகிறேன் என்றான். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல இருக்கது பிள்ளை கேக்குத பேச்சா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். சுஹைப் அதற்கு மேல் வற்புறுத்தாமல் இந்த ஜூன் கடைசியில் நூறு வாட் ஆம்ப் ஒன்றை வீட்டுக்கே வரவழைத்துவிட்டான். பத்து நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம்.

எட்டாவது நாள் எனக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி, கம்பெனிக்காரன் நூறு வாட்டுன்னு சொல்லுதான். பழசுக்கு இரட்டிப்பு. ஆனா சத்தம் இரட்டிப்பா இல்லையே. ஏமாத்திட்டானோ?"

"ஒருத்தனும் ஏமாத்தல. வாட்டு இரட்டிப்பானா மீட்டர்ல மூணு டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரட்டிப்பாத் தெரியணும்னா பத்து மடங்கு வாட் வேணும்வே."

"அப்பம் ஐநூறு வாட் வேணுமா?"

இதற்குத்தான் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு என் முப்பது வாட் ஆம்பைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் மனுசனுக்குப் புத்தி வரும் என்பது என் கணக்கு. என் மனைவி ஜெயசித்ரா வாசலில் நின்று, "போன பெட்டி திரும்பி வராம இருந்தா நல்லது" என்று வழியனுப்பினாள்.

குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர், குளிக்க விடாமல் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. பாய் வீட்டில் மரச் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்தும் இடுக்கு வழியாக அருவி உள்ளே வந்துகொண்டிருந்தது. என் போனில் சத்தம் அளக்கிற செயலியைத் திறந்து வைத்தேன். யாரும் பேசாமல் இருக்கும்போதே நாற்பத்தெட்டு டெசிபல் காட்டியது.

பாய் ஸ்பீக்கர் வயரைச் சரி செய்துகொண்டிருந்தபோது நான் தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனேன். ராபியா செம்பைக் கொடுத்துவிட்டு என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கிட்டே வந்து மறுபடி சொன்னாள்.

"அண்ணே, உங்க கூட்டாளிக்கு இப்பம் இருக்கவ பத்தாது. பெட்டிக்குள்ள இருக்கவதான் வேணுமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. கேசட் போடும் நேரமெல்லாம் அவள் பின்வாசலுக்குப் போய்விடுகிறாள் என்று பாய் சொல்லியிருந்தார், வெட்கம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்தேன். இந்த மனுசன் மனைவி மேல் உள்ள பிரியத்தில்தான் இவ்வளவும் செய்கிறான், அது ஒவ்வொரு நாளும் அவளைக் குத்திக்கொண்டிருக்கிறது. வாட் பார்க்க வந்த இடத்தில் இதை நான் எப்படிப் பேசுவேன்?

பேசத் தெரியாததால் வேலையைத் தொடங்கினேன். ஆம்ப் இரண்டை ஒப்பிட ஒரு முறை இருக்கிறது. இரண்டையும் முதலில் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தம் கூடுதலாக உள்ள பெட்டிதான் நல்ல பெட்டி என்று காது சொல்லிவிடும். குடும்பக் கேசட் ஒன்றைப் போட்டு, போன் மீட்டரில் அறுபத்தெட்டு வரும்வரை நூறு வாட்டின் குமிழைத் திருகினேன். பாயின் தம்பி இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய குரலில் ஆட்டுக்குட்டி விலை சொன்னான். பிறகு வயரை மாற்றி என் முப்பது வாட்டிலும் அறுபத்தெட்டு வைத்தேன். அதே தம்பி, அதே ஆட்டுக்குட்டி.

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றார் பாய், மனசே இல்லாமல்.

"இம்புட்டுச் சத்தத்துக்கு ரெண்டுலயும் ஒரு வாட்டுகூடச் செலவாகல. மிச்சத் தொண்ணூத்தொன்பது வாட்டும் சும்மா கிடக்கு. கல்யாண மண்டபத்துக்கா கேக்கப் போறிய?"

"இது என் தம்பி குரல் அண்ணாச்சி, இவனுக்கு ஆம்ப்பே வேண்டாம். அவ குரலுக்கு வச்சுப் பாக்கணும்."

"சரி, தங்கச்சி நேர்ல பேசினா எம்புட்டுச் சத்தம் இருக்குமோ அதுதான் நமக்கு அளவு. அதுக்கு மேல கூட்டினா அது அவுக குரலே இல்ல. எவ்வளவுக்கு வைக்கட்டும்?"

பாய் யோசிக்கவே இல்லை. "எழுபது வையுங்க. கணீர்னு பேசுவா."

அந்த நேரம் பார்த்து ராபியா சாயாத் தட்டோடு உள்ளே வந்தாள். எழுபது என்றதையும் கணீர் என்றதையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் தட்டை வைத்த விதத்தில் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள் பின்வாசலுக்குப் போகவில்லை. மேசையில் கிடந்த என் போனைப் பார்த்தாள். அதைப் பார்த்து ஏதோ பேசினாள். உதடு அசைந்தது, நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாகவே நின்றது. அருவிதான் அந்த எண்ணில் இருந்தது, அவள் இல்லை.

பாய் எழுந்தார். "நீ ஏன்ட்டி இதுல வந்து..." என்று ஆரம்பித்தார்.

அவள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள். கேசட் அலமாரிக்குப் போய், தேடாமலே ஒன்றை எடுத்தாள். பயான், ஏழு. டெக்கில் போட்டுப் பின்னோக்கி ஓட்டித் தொடக்கத்துக்குக் கொண்டு வந்தாள். வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன், என்னையும் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

கேசட் ஓடத் தொடங்கியது. முதலில் இரைச்சல், பிறகு ஒரு பெண் குரல் அறை முழுக்கப் பெரிதாக வந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். ராபியா ஆம்பின் குமிழில் கையை வைத்து இடது பக்கம் திருகினாள். இன்னும் திருகினாள். மீட்டர் அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பது என்று இறங்கி நாற்பத்தெட்டில் நின்றது. இப்போது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டு போனால்தான் கேட்கும். பாய் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து காதை வைத்தார். மறுபக்க ஸ்பீக்கரில் நானும் வைத்தேன்.

"மச்சான், மாமி இப்பம்தான் லுஹர் தொழுதுட்டுக் கண்ணசந்திருக்காக. ஒரே ஒரு சுவருதான் நடுவுல. நான் மெதுவாத்தான் பேசுவேன். நீங்க அங்கன சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளுங்க."

குரல் இல்லை, மூச்சு மட்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அடுக்களையில் என்னிடம் பேசிய அதே மூச்சு.

ராபியா டெக்கை நிறுத்தினாள். பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் காதோரம் பேசினாள். இரண்டு ஸ்பீக்கரும் அருகருகே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"நாப்பத்து மூணு கேசட்லயும் இப்படித்தான் பேசியிருக்கேன் மச்சான். மாமி பக்கத்து அறையில இருக்க, கணீர்னு எங்கன பேச? நீங்கதான் கூட்டி வச்சுக் கேட்டிய. உங்ககிட்ட மட்டும் பேசின குரல் இதுதான். இது போகல. மத்தவங்ககிட்ட பேசினதுதான் போச்சு."

பாய் அழுதார். அறுபத்து மூன்று வயது மனுசன் ஸ்பீக்கர் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுவதைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. அந்தக் கூட்டி வை என்ற வார்த்தையை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார். கேட்ட உடனே ஒவ்வொரு தடவையும் கூட்டியிருக்கிறார். பிறகு கூட்டியதை மறந்துவிட்டு அந்தப் பெரிய குரலைத்தான் அவள் குரல் என்று இருபத்து நாலு வருடம் மனசில் வைத்திருந்திருக்கிறார். ஒரு வயர்லெஸ்காரன், நானும்தான் இதை யோசிக்கவில்லை.

நான் சாயாவைக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது. என் முப்பது வாட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினேன். ஜெயசித்ரா அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். அன்றைக்கு நான் பாட்டுப் போடவில்லை. அவள் அடுக்களையில் என்னவோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான்.

பத்தாவது நாள் நூறு வாட் சென்னைக்குத் திரும்பிப் போயிற்று. சுஹைப் எனக்குப் போன் செய்து, "மாமா, வாப்பா வேற எந்த ஆம்ப் எடுத்தாக?" என்று கேட்டான்.

"ஆம்ப் எடுக்கல. சன்னலுக்குக் கண்ணாடி போடுதாரு."

உண்மையாகவே அதைத்தான் செய்திருந்தார். இரட்டைக் கண்ணாடி, இடுக்கில் எல்லாம் ரப்பர், அடுக்களைச் சன்னல் முதல் வாசல் கதவு வரை. ஆகஸ்டில் ஒரு நாள் போனேன். சாரல் இன்னும் விட்டபாடில்லை. கதவைச் சாத்தியதும் அருவி வெளியே போய்விட்டது. மீட்டரைத் திறந்து பார்த்தேன், முப்பத்தொன்று. வயர்லெஸ் அறையில்கூட அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

முன்னறையில் உட்கார்ந்து நானும் பாயும் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் பாய் பேச்சை நிறுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"ஆமா, அண்ணாச்சிக்குச் சீனி கம்மியாத்தான்" என்றார்.

எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை.